கறிவேப்பிலைக்குப் போன கஞ்சி

தலத்தெருவில் நீலாயதாட்சி தைத்த ரவிக்கையைப் பிரித்துத் தரச் சொல்லி யாரும் திரும்பி வந்ததில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், அளவு நோட்டில் அவள் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அம்மா இறந்தபோது தம்பி ரஞ்சித்குமாருக்கு ஒன்பது வயது. இவளுக்கு இருபத்து மூன்று. கல்யாணப் பேச்சை ஒதுக்கிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அந்த வருஷமே கறியையும் மீனையும் விட்டாள். தம்பி இன்று புதுச்சேரியில் இன்ஜினியர். "யாரு கையையும் எதிர்பார்க்காம ஆளாக்குனேன்" என்பாள். சொல்லும்போது மிஷின் சற்று நிற்கும்.

வீட்டுக்கு மேற்கே காசியம்மா, கிழக்கே பத்ருன்னிசா.

காசியம்மா தன் வாசல் குப்பையைப் பெருக்கி நீலாயதாட்சியின் கேட்டுக்கு முன்னால் குவித்துவிட்டு, காற்றடித்தது என்பாள். துணி துவைத்த தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, பூமி சரிவு என்பாள். ஒவ்வொன்றையும் தேதி போட்டு அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீலாயதாட்சி எழுதி வைத்திருந்தாள்.

பத்ருன்னிசாவைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை. கஜா புயலில் கூரை ஷீட் பறந்தபோது, முதல் காரியமாகத் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கூடத்தில் நனையாமல் வைத்தவள் அவள்தான். புருஷன் துபாயில் இருக்க, மகள் நௌஷினோடு இருந்தாள். நோன்பு மாதம் பிறந்துவிட்டால் தினமும் ஐந்து மணி வாக்கில் ஒரு தூக்குவாளி நோன்புக் கஞ்சி வந்துவிடும்.

அந்தக் கஞ்சியில்தான் நீலாயதாட்சி தவறினாள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து இருபத்தொரு வருஷம். முதல் வருஷமே, நோன்புக் கஞ்சியென்றால் கறி போட்டுத்தான் காய்ச்சுவார்கள் என்று அவளாகவே முடிவு செய்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால், கறியில்லாமல் தனியாகக் காய்ச்சித் தா என்று கேட்பதுபோல ஆகிவிடும். அது அவள் குணத்துக்கு ஒத்துவராது. வேண்டாமென்று திருப்பவும் மனம் வரவில்லை. சிரித்தபடி வாங்கினாள். கொல்லைக்குப் போய்க் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினாள். வாளியைச் சாம்பல் போட்டு விளக்கி, மறுநாள் காலையில் நாலு வாழைப்பழமோ ஒரு முழம் பூவோ வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் வாளியை அவள் திருப்பியதே இல்லை.

இந்த வருஷம் நோன்பின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ரஞ்சித்குமார் வந்திருந்தான். அக்கா வாளியோடு கொல்லைக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்தான்.

"என்னக்கா, கீழ ஊத்துறே?"

"கறிக் கஞ்சிடா. வேறென்ன பண்ணச் சொல்றே?"

"கறியா? ஒனக்குக் கறி ஆவாதுன்னு நாம குடிவந்த வருஷமே பத்ரு லாத்தாகிட்ட நான் சொல்லிட்டேன்க்கா. அன்னியிலேருந்து ஒனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. முதல்ல ஒனக்குக் காய்ச்சி எடுத்து வெச்சுட்டுத்தான் அவங்க வீட்டுக் கஞ்சி. ஒனக்குத் தெரியாதா?"

வாளியில் பாதி மிச்சம் இருந்தது. கரண்டியால் துழாவிப் பார்த்தாள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் வாசனை. வேறொன்றுமில்லை.

மேற்குச் சுவருக்கு மேல் காசியம்மாவின் தலை தெரிந்தது.

"ஒங்கக்கா ஊத்துற கஞ்சியிலதான் தம்பி அந்த மரம் இம்புட்டுத் தழைச்சிருக்கு. நானும் வருஷா வருஷம் பாக்குறேன்."

"ஒங்க வேலையப் பாருங்க" என்றாள் நீலாயதாட்சி.

"பாக்குறேன், பாக்குறேன். நான் சண்டைன்னா மொகத்துக்கு நேரா போடுறவ. பல்லக் காட்டி வாங்கிட்டுக் கொல்லையில கொட்டத் தெரியாதும்மா எனக்கு. இரு, பத்ருகிட்டச் சொல்றேன்."

தம்பி ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அவன் வாளியை வாங்கி மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டு, தானே கழுவி வைத்தான்.

ஊரில் அவள் தயங்காமல் நுழைகிற ஒரே வீடு பத்ருன்னிசாவுடையது. காசியம்மா வாயால் சேதி போனால் அந்தக் கதவு அவளுக்கு அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அதில் எதையும் வைக்கக் கை வரவில்லை.

பத்ருன்னிசா முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, இன்னிக்கு வெறும் வாளி வருது? தம்பி பழத்த எல்லாம் தின்னுடுச்சா?"

நின்றபடியே சொன்னாள். கறி இருக்குமென்று நினைத்ததை, கேட்காததை, ஊற்றியதை. முறம் நின்றுவிட்டது.

"எத்தனை நாளா?"

"மொத வருஷத்துலேருந்து."

நேற்று மட்டும்தான் என்று சொல்லிவிடலாமென வழியில் நினைத்திருந்தாள். நல்லவேளை, வாயில் அது வரவில்லை.

பத்ருன்னிசா நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள். "நோன்போட இருக்குறவ நான் ருசி பாக்க முடியாதுக்கா. அதான் மொதல்ல ஒங்களுக்குக் குடுத்தனுப்பி, உப்பு சரியான்னு புள்ளைய விட்டுக் கேப்பேன். சரியா இருக்குன்னு சொல்லி விடுவீங்க. அதே அளவுதான் எங்க சட்டிக்கும். நோன்பு தொறக்குறப்ப எங்களுக்குச் சில நாளு உப்பே இருக்காது. அக்காவுக்கு இதான் புடிக்கும் போலன்னு, ஒங்க சட்டிக்கு மட்டும் இன்னும் கொறைச்சே போட்டேன்."

முறத்தை மறுபடி கையிலெடுத்தாள். நீலாயதாட்சி வாளியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று ஐந்து மணிக்குக் கஞ்சி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டு அவளே உட்கார்ந்து பிரித்தாள். காசியம்மா தெருக் குழாயடியில் கதையைச் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. தேதி போட்டு எழுத நோட்டைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் நௌஷின் வெறுங்கையோடு வந்தாள். "பெரியம்மா, அம்மா ஒங்களக் கூப்பிடுறாங்க."

அடுப்படியில் இரண்டு சட்டிகள் இருந்தன. சின்னதிலிருந்து ஒரு கிண்ணம் கஞ்சியை ஊற்றி பத்ருன்னிசா நீட்டினாள். முகத்தில் சிரிப்பில்லை.

"நோன்பு தொறக்குற பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கு. குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

சூடு நாக்கைச் சுட்டது. நிறுத்தாமல் குடித்தாள். சரியா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல்லை இந்த வீட்டில் இனி அவள் எப்படிச் சொல்வாள்?

"உப்புப் பத்தல பத்ரு" என்றாள்.

பத்ருன்னிசா உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினாள். "போடுங்க."

அரை இஞ்சு பிசகாமல் வெட்டுகிற கை ஜாடிக்குள் போய்த் தடுமாறியது. "எவ்வளவு போடணும்?"

"மொத தடவையாத்தானே குடிக்கிறீங்க. கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுக் குடிச்சுப் பாருங்க."

நௌஷின் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீலாயதாட்சி தலையை நிமிர்த்தவில்லை. ஒரு சிட்டிகை போட்டாள், கலக்கினாள், மறுபடி குடித்தாள்.