பின்வாசல் பக்தர்

சீனாவின் வூடாங் மலைப் படிகளை குவோ டேஷெங் முப்பத்திரண்டு வருடமாக ஏறி இறங்குகிறார். உச்சிக் கோயில் சாமியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காவடிக் கழியின் இரு முனையிலும் முட்டைக்கோசும் அரிசியும் தொங்க மேலே போவார். பின்வாசல் வழியே சமையலறையில் இறக்குவார். அடுத்த நடைக்கு இறங்கிவிடுவார். வழியில் பார்க்கும் பக்தர்கள், தினமும் சாமி தரிசனம், எவ்வளவு புண்ணியம் என்று வியப்பார்கள். அவர் மறுப்பதில்லை.

இந்த வருடம் அவர் மனைவி சூயிங்குக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை திரும்பினால் புருஷன் தன் கையால் ஊதுபத்தி ஏற்றுவார் என்று அவள் முன்கூட்டியே வேண்டிக்கொண்டாள். யாரைக் கேட்டு வேண்டினாய் என்றதற்கு, தனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மலை ஏறிப் பழகியவர் அவர்தானே என்று பதில் வந்தது. பார்வை திரும்பியது. சாமியின் பிறந்தநாளான சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளன்று நேர்த்திக்கடனைத் தீர்க்காவிட்டால், கொடுத்த பார்வையைச் சாமி திரும்ப வாங்கிக்கொள்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று விடியலில் குவோ சலவைச் சட்டை போட்டு, மூன்று ஊதுபத்திகளை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் தோளோடு கிளம்பினார். நடை சரியாக வரவில்லை. பாரமில்லாத உடம்பு தள்ளாடியது. உச்சிக்குக் கீழே வழி பிரியும் இடத்தில் கூட்டம் இடப்பக்கம், முன்வாசலுக்குத் திரும்பியது. குவோவின் கால்கள் வலப்பக்கம் திரும்பின.

சமையலறையில் லியாவ் சாமியார் கரண்டியோடு நின்றிருந்தார்.

"திருவிழா அன்னிக்குக் கையை வீசிக்கிட்டு வர்றீங்களே, கோசு எங்க?"

குவோவுக்கு மானம் போயிற்று. கேபிள் கார் நிலையத்தில் கிடந்த கோசை இரண்டு நடையாகத் தூக்கி வந்து இறக்கினார். சாமியார் கொடுத்த நூடுல்ஸை உறிஞ்சிவிட்டு, வேலை முடித்த நிம்மதியோடு மலையிறங்கினார்.

சூயிங் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சாமி முகம் எப்படி இருந்துச்சு?"

குவோ யோசித்தார். "நல்ல கூட்டம்."

"இடுப்புல என்ன?"

குனிந்து பார்த்தார். நுனிகூடக் கருகாத ஊதுபத்திகள்.

"மூணு," என்றாள் சூயிங். "இங்க இருந்தே எண்ண முடியுது. டாக்டர் கைராசிக்காரர்தான்."

உடனே திரும்பிப் போவதாக அவர் சொன்னார். அவள் நம்பவில்லை.

"தனியா விட்டா மறுபடியும் கோசைத்தான் கும்பிட்டுட்டு வருவீங்க."

பயணிகளைச் சுமக்கும் முதுகு நாற்காலியில் அவளே ஏறி உட்கார்ந்தாள். பாரம் ஏறியதும் குவோவின் நடை நேரானது. வழி பிரியும் இடத்தில் கால்கள் வலப்பக்கம் போயின. சூயிங் அவர் காதைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள்.

முன்வாசல் காவலாளி மறித்தான். "சுமையெல்லாம் பின்பக்கம், பெரியவரே."

"நான் சுமையா? டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டவேண்டியது நீதான் தம்பி," என்றாள் சூயிங்.

பொழுது சாயுமுன் ஊதுபத்தி எரிந்தது. அந்தப் புகையில் குவோவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூயிங்குக்குச் சாமியின் தாடி மயிர்வரை தெரிந்தது.