இருந்தபடி விட்டுவந்த அறை

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு சிட்னியின் செவன் ஹில்ஸ் பகுதியிலுள்ள வீட்டிலிருந்து புறப்பட்டேன். எட்டரைக்குப் பள்ளியின் பின்கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, வகுப்பறையைப் போனில் படம் எடுத்தேன். அதன் பிறகுதான் மேசை, கதிரைகளைத் தொட்டேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இரவல் அறையில் நடப்பது. முடிந்ததும் எல்லாவற்றையும் இருந்தபடி வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் படம். ஒரு கதிரை இடம் மாறியிருந்தாலும் திங்கட்கிழமை அந்தப் பள்ளியின் அதிபரிடமிருந்து மின்னஞ்சல் வரும். பல வருடங்களாக அப்படி ஒன்று வந்ததில்லை.

அந்தக் கற்கட்டடம் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து ஆடு வளர்த்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டியது. இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். பக்கத்துக் குடியிருப்பில் புதிதாகப் பெரிய பள்ளி வந்துவிட்டது. அங்கே எங்களுக்கு இடமில்லை. ஆகவே எங்களுக்கும் அன்று கடைசி வகுப்பு. பழைய பள்ளியின் வரலாற்றைப் பலகையில் அச்சிட்டு நூலகத்தில் வைக்கப்போகிறார்கள். முதல் ஆசிரியர், வெண்கல மணி, வெள்ளம் வந்த வருடம் எல்லாம் அதில் உண்டு. “நீங்களும் இங்கே இருந்தவர்கள்தானே. ஞாயிறு மதியத்துக்குள் ஒரு படம் தாருங்கள்” என்று அதிபர் கேட்டிருந்தார்.

என்னிடம் இருந்தவை எல்லாம் காலி அறைப் படங்கள். பிள்ளைகளைப் படம் எடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அன்றாவது எடுக்கலாமா என்று பெற்றோரிடம் கேட்டேன். அகதியாகப் படகில் வந்து இன்னும் தற்காலிக விசாவில் இருக்கும் ஒரு தகப்பன் தலையாட்டி மறுத்தார்.

“குறை நினைக்காதேங்கோ ரீச்சர். என்ர பிள்ளையின்ர முகம் ஒரு இடத்திலயும் வேண்டாம்.”

அந்தப் பிள்ளையை மட்டும் தள்ளி நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகம் வேண்டாம், எழுத்துப் போதும் என்று முடிவெடுத்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லைக் கரும்பலகையில் எழுதினார்கள். மழை. பூனை. ஒருத்தி புட்டு என்று எழுதினாள்.

“ஹூ வில் ரீட் இட், ரீச்சர்?” என்றான் பிள்ளைகளில் பெரியவன்.

“உன்ர எழுத்தை ஒருத்தராலயும் வாசிக்கேலாது” என்றாள் புட்டு எழுதியவள்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் பெற்றோரை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். என்னோடு படிப்பிக்கும் அன்ரி கதிரைகளை நேராக்கியிருந்தார். கரும்பலகை துப்புரவாக இருந்தது.

“அன்ரி, படம் எடுத்தனீங்களோ?”

“நீங்கள் எடுத்திட்டீங்களெண்டெல்லோ நினைச்சன்.” டஸ்டர் இன்னும் அவர் கையில் இருந்தது. “கை தன்ர பாட்டில துடைச்சுப்போட்டுது, பிள்ளை. திருப்பி நாங்களே எழுதுவமோ?”

“வேண்டாம் அன்ரி. அது எங்கட எழுத்தாத்தான் இருக்கும்.”

வெளியே எங்கள் இரண்டு கார்கள் மட்டும் நின்றன. காலையில் எடுத்த படத்தோடு அறையை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜன்னலோரக் கதிரை சற்று விலகியிருந்தது. அன்ரி அதையும் தள்ளி வைத்தார். பூட்டி, திறப்பை அலுவலகத் தபால் பெட்டிக்குள் போட்டோம்.

ஞாயிறு காலை எழுந்ததும், தேநீருக்குத் தண்ணீர் வைக்க முன்னரே, காலி அறைப் படங்களில் வெளிச்சம் நன்றாக விழுந்த ஒன்றைத் தெரிந்தெடுத்து அதிபருக்கு அனுப்பினேன்.