மருந்துத் தண்ணீர்த் தொட்டி

நாமக்கல் பக்கம் பெர்சியன் பூனை வளர்த்து விற்பவர் அவர். குட்டி ஒன்று வாங்கலாம் என்று போயிருந்தேன். வெள்ளைச் சட்டையில் துளி அழுக்கில்லை.

"கால நனைச்சிட்டு வாங்க சாமி. கிருமி வந்தா குட்டிக தாங்காதுங்க" என்று வாசலில் இருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். முன்பு கோழிப்பண்ணை வைத்திருந்த பழக்கம். பொறுப்பான மனுஷன் என்று நம்பித் தொலைத்தேன்.

தாய்ப்பூனையைப் பார்க்கணும் என்றேன். முட்டைக்கோழிக் கூண்டில், நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லாமல், கம்பி அறுத்த பாதத்தோடு கிடந்தது.

"இதுல எப்படிங்க இருக்கும்?"

"கோழி இருந்துச்சுங்களே."

"குட்டி போடறது நின்னுட்டா?"

"முட்ட நின்ன கோழிய மாதிரியே கழிச்சிருவோமுங்க" என்றார், அதே கனிவோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வரும்போது அந்தத் தொட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்தேன். அவர் கோபப்படவே இல்லை. "பாத்துப் போங்க சாமி" என்றபடி, அடுத்து வருபவருக்காக மறுபடியும் மருந்து கலக்க உட்கார்ந்தார்.