புறப்படும்போது கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் வீட்டில் வெளிக்கிடுகிறவர்களிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது, பாதியில் திரும்ப வேண்டி வரும் என்பது அம்மாவின் அசையாத நம்பிக்கை. நான் ஜெர்மனியில் எசன் நகரில் பள்ளிக்கூடம் போன காலத்தில், பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி படிக்கட்டில் என்னைக் கண்டு அன்பாகக் கேட்டுவிடுவாள். உடனே அம்மா என்னை உள்ளே கூட்டிப் போய் இருத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்துத்தான் மறுபடி அனுப்புவார். அந்தத் தண்ணீரால் பஸ்ஸை விட்ட நாட்களும் உண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் கணவரும் வேலைக்காகத் தெற்கே அல்கோய் மலைப்பக்கம் வந்தோம். ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகைகளில் மலை ஏறப் பழகினோம். ஆட்களை மேலே இழுத்துப்போகும் கம்பியும் காவலும் உள்ள இடங்களில் அல்ல, யாரும் பார்த்துக்கொள்ளாத வெறும் மலையில். அங்கே போகிறவர்கள் எந்தச் சரிவால் ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நேரத்துக்கு வராவிட்டால் மீட்புக்காரரை அழைக்க வேண்டியது அவர்தான். எங்களுக்கு அந்த ஆள் கீழ்வீட்டுக்காரர்.

போன மார்கழியில் பருவத்தின் முதல் பெரிய பனி விழுந்தபோது கீழ்வீட்டுக்காரர் ஊரில் இல்லை. எசனிலிருந்து வந்து அம்மா எங்களோடு நின்றார். முதல் பனியைக் கண்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

"மாமியிட்டச் சொல்லு. ஒருத்தருக்கும் தெரியாமல் நான் வரமாட்டன்," என்றார் கணவர்.

அம்மா குசினி அடுப்படியிலிருந்தே கையைக் காட்டி மறித்தார். "வெளிக்கிடேக்க இடம் சொல்லாதை பிள்ளை. கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது."

"அப்ப நாங்கள் வராட்டி ஆர் தேடுறது?"

"வாயில வாற கதையைப் பார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். "மாமி, அங்கை போய்ச் சேர்ந்தாப் பிறகு போன்ல சொன்னாச் சரியோ?" என்று கேட்டார். அம்மா யோசித்தார். "அது வெளிக்கிடுறது இல்லைத்தானே. சொல்லுங்கோ."

ஆகவே கார் நிறுத்துமிடத்திலிருந்து போன் எடுத்துச் சொன்னேன்: வடக்குச் சரிவு, மூன்று மணிக்கு முன் வந்துவிடுவோம், வராவிட்டால் மீட்புக்காரரை அழைக்க இந்த இலக்கம். அம்மா கடைச் சாமான் ஒப்புவிப்பதுபோல் திருப்பிச் சொன்னார். பனிக்குள் புதைந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கருவி இருவரிடமும் வேலை செய்கிறதா என்று பார்த்தோம். மண்வாரியும் பனியைக் குத்திப் பார்க்கும் தேடுகோலும் பையில் இருந்தன.

பனி குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பருவத் தொடக்கத்தில் அது பெரிய பிழை. வெயில் படாத வடக்குப் பக்கத்தில் ஐப்பசியில் விழுந்த கொஞ்சப் பனி கரையாமல் கிடக்கும். குளிரில் அது சீனி மாதிரி ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் காற்று புதுப்பனியைக் கொண்டுவந்து தடிப்பாக அடுக்கும். பார்த்தால் அழகாகத்தான் இருக்கும்.

மலைமுதுகுக்குச் சற்றுக் கீழே, ஒரு பள்ளத்தின் விளிம்பில் கால் வைத்தேன். அடியில் எங்கோ 'வும்' என்று ஒரு சத்தம். நின்ற இடம் மெல்ல அமர்ந்தது. அடியில் அந்த மணிகள் உடைகின்றன, மேல்பனி வழுக்கிச் சரியலாம் என்பதற்கு அதுதான் அறிகுறி. ஆனாலும் உச்சி கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"கொஞ்சத் தூரம்தானே," என்றேன்.

நன்றாக இடைவெளி விட்டுப் பின்னால் நின்ற கணவர், "மாமி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா," என்றார்.

டாக்டரிடம் டெர்மின் என்று நேரம் எடுக்க மட்டுமே போதுமான ஜெர்மனை வைத்துக்கொண்டு அம்மா மீட்புக்காரரோடு பேசுவதை நினைத்துப் பார்த்தேன். திரும்ப எனக்கு அது போதும். ஏறிவந்த தடத்திலேயே ஒவ்வொருவராகத் திரும்பி, மரங்களுக்குள் இறங்கினோம். வருத்தம் இருந்தது. காட்டுக்குள் வந்ததும் அது போய்விட்டது. பிளாஸ்கில் கொண்டுபோன தேநீர் அவ்வளவு ருசியாக இருந்தது.

"வெள்ளனவே வந்திட்டியள்?" என்றார் அம்மா.

"பாதியில திரும்பிட்டம்."

ஏன் என்று விளக்க, தட்டில் சீனியைப் பரப்பி அவர் சுட்டு வைத்திருந்த ரொட்டியை அதன்மேல் வைத்துத் தட்டைச் சரித்தேன். ரொட்டி வழுக்கி மேசையில் விழுந்தது. அம்மா அதைக் கையில் எடுத்தார். பிறகு சீனியைத் தட்டிவிட்டு, "சாப்பிடு," என்று என்னிடம் தந்தார்.

அடுத்த ஞாயிறு வேறொரு மலைக்கு, செங்குத்தில்லாத சரிவாகப் பார்த்து, வெளிக்கிட்டோம். வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கையைத் துடைத்தபடி வந்தார்.

"எங்கை போறியள்?"

பிறந்ததிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத கேள்வி.

"அம்மா, வெளிக்கிடேக்க கேக்கிறியள்."

"ஓம். கேட்டாப் பாதியில திரும்ப வேண்டி வருமெல்லோ. திரும்பி வாங்கோ. அதுக்குத்தான் கேக்கிறன்."

மலையின் பெயரையும் ஏறுகிற பக்கத்தையும் திரும்புகிற நேரத்தையும் சொன்னேன். தண்ணீர் குடிக்க அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.