மூன்று கம்பளிக்குள் ஒரு குழந்தை

குழந்தை பிறந்து இருபத்து மூன்று நாள். அதன் அப்பாவுக்கு மீன் குளிர்கிடங்கில் பதினோரு வருட வேலை. கூட்டாளிகள் அவனை ‘ஐஸ்’ என்றே கூப்பிடுவார்கள். குளிர் முதலில் பாதத்தைத்தான் பிடிக்கும் என்பது அவன் அங்கே பட்டுத் தெரிந்துகொண்டது. மரத்துப்போன விரல்களை நம்பாமல், மகளின் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். சில்லென்று இருந்தால் இன்னொரு கம்பளி சுற்றுவான்.

“பிள்ளைக்கு வேர்க்குதுங்க,” என்றாள் மனைவி.

“காலைத் தொட்டுப் பாரு. குளிரைப் பத்தி எனக்கே பாடமா?”

அவன் மூன்றாவது கம்பளியையும் சுற்றினான். மதியம் குழந்தை பால் குடிக்கவில்லை. எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

நர்ஸ் தொப்பியையும் மூன்று கம்பளியையும் உருவிப் போட்டாள். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

“பிள்ளையா, மீன் பார்சலா? பச்சைக் குழந்தைக்குக் கை கால் சில்லுன்னுதான் இருக்கும் அண்ணே. பிடரியிலயும் நெஞ்சுலயும் தொட்டுப் பார்க்கணும். அங்க வேர்த்தா துணியைக் குறைக்கணும். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு உடம்பு சுட்டா உடனே தூக்கிட்டு வந்துடணும்.”

“அவ சொன்னா... நான்தான் கேக்கல,” என்றான்.

மனைவி திட்டவில்லை; அவன் பக்கம் திரும்பவும் இல்லை. குழந்தை இப்படி ஆனது கம்பளிச் சூட்டினாலா, கிருமியாலா என்று டாக்டருக்கே இன்னும் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு நாளை மறுநாள் வரும். அதுவரை குழந்தை இருக்கும் வார்டுக்குள் தாய்க்கு மட்டும்தான் அனுமதி.