அட்டையில் மட்டும் இருந்த பெயர்

போன புதன்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு என் மனைவி எழுத்தாளர் வேலையை ராஜினாமா செய்துவிட்டாள்.

உங்கள் மனைவி எப்போது எழுத்தாளர் ஆனார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் பஸ் கதைகளைப் படிக்கிற உங்களிடம் இத்தனை நாள் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? சொல்லிவிடுகிறேன்...

‘மங்கையர்க்கரசி’ என்ற பெயரில் இதுவரை இருபத்தோரு காதல் நாவல்கள் வந்திருக்கின்றன. உங்கள் வீட்டு அலமாரியிலேயே ஒன்றிரண்டு கிடக்கலாம். அட்டையில் இருக்கிற பெயர் என் மனைவியுடையது. உள்ளே இருக்கிற காதல் மொத்தமும் அடியேன் எழுதியது. கள்ளக்குறிச்சியில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்த கண்டக்டர். வயது அறுபத்து நாலு. முழங்கால் இரண்டும் ரிப்பேர்.

இந்த ஆளுக்கு ஏன் இந்த வேலை என்று தோன்றுகிறதா? எனக்கும் தினமும் தோன்றுகிறது.

ஐம்பத்து மூன்று வயதில் ஆரம்பித்தது. அப்போது கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் இருந்தேன். காலை எட்டு பத்து டிரிப்பில் ஒரு பையன் ஏறுவான். முன்னால் நிற்கிற ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டி, “கள்ளக்குறிச்சி ரெண்டுண்ணே” என்பான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஏழெட்டு மாதம் இப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை, “ஒண்ணு” என்றான். அவள் இல்லை. அந்த வாரத்தோடு அவனும் வருவதை நிறுத்திவிட்டான்.

என்ன ஆனது? தெரியாது. கேட்கவும் முடியாது. கண்டக்டர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் – “எங்க போவணும்?” அதற்கு மேல் கேட்டால் அடி விழும்.

ஒரு வருடம் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், என்ன ஆகியிருக்கும் என்று நானே எழுதிப் பார்த்தேன். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில், டீக்கடை பெஞ்சில், இருபது இருபது நிமிடமாக. என் கதையில் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

(இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பையனைப் போன்றவர்கள் பாடு கஷ்டம். எதைச் சொல்லி ஆரம்பிப்பார்கள்?)

கதையைச் சென்னையில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். பத்தே நாளில் போன் செய்தார். “கதை ஓகே சார். பேருதான் இடிக்குது. ஃபேமிலி நாவல்னா லேடீஸ் பேர்தான் ஓடும். நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க.” யோசித்தேன். ரேஷன் கார்டில் என் பெயரோடு இருக்கிற பெயரைச் சொன்னேன். “அருமை சார்... எப்படிப் புடிச்சீங்க?” என்றார்.

ரிட்டயர் ஆன பிறகு நிம்மதியாக எழுதலாம் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? பெங்களூரில் இருக்கிற மகன் ஒரு மேஜை வாங்கிக் கொடுத்தான். சுழல் நாற்காலி வேறு. உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்தும் வரவில்லை. பஸ் நகர்ந்தால்தான் எனக்குக் கதை நகரும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அன்று முதல் தினமும் பத்தரை மணி கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். போக ஒரு அத்தியாயம், வர ஒரு அத்தியாயம். என் அத்தியாயங்கள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதற்கு விமர்சகர்கள் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். பஸ் அவ்வளவு நேரம்தான் போகும், வேறொன்றும் இல்லை. டைப் அடிக்கிற அம்மா என் கையெழுத்தைப் பார்த்தே எந்த இடத்தில் ரோடு மோசம் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் அலுத்துப்போகிறது. நிஜமாகவே அலுத்துப்போகிறது. பதிப்பாளருக்கு நாலைந்து மாதத்துக்கு ஒரு நாவல் வேண்டும். ஹீரோ ஆறடி இருக்க வேண்டும். (எனக்கு ஆறடி ஆட்களைப் பிடிக்காது. டவுன் பஸ்ஸில் தலை இடிக்கும்.) கோபக்காரனாக இருக்க வேண்டும். பணக்காரனாக இருக்க வேண்டும். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, கூட்டத்தில் ஒரு கரும்பு வெட்டுகிற ஆளின் முழங்கை விலாவில் குத்த, ‘அவன் மூச்சுக்காற்று அவள் கழுத்தைத் தீண்டியது’ என்று எழுதிப் பாருங்கள். அப்போது தெரியும்.

இதில் என் மனைவிக்கு என்ன வேலை?

நாவலின் கடைசிப் பக்கத்தில் போன் நம்பர் போடுவார்கள். வாசகிகள் கூப்பிடுவார்கள். நான் எடுத்தால் முடிந்தது கதை. அதனால் அவள் எடுத்தாள். முதலில் தயக்கமாக “ஆமா... நான்தான்” என்றவள், இரண்டாவது நாவலிலேயே தேறிவிட்டாள். காலையில் காபியோடு கதைச் சுருக்கம் சொல்வேன். பிறகு அவளே படிக்க ஆரம்பித்தாள். “அந்த மாமியார இவ்ளோ கெட்டவளா ஆக்காதீங்க, ரெண்டு பேரு போன்ல வருத்தப்பட்டாங்க” என்பாள். மாற்றுவேன். ஊர் ஊராக அவளுக்குத் தங்கைகள் சேர்ந்தார்கள். பல பெண்கள் கதையை விட்டுவிட்டு வீட்டு விஷயம் பேசுவார்கள். அவள் பொறுமையாகக் கேட்பாள். ஒன்பது வருடம் அவள்தான் மங்கையர்க்கரசி. நான் வெறும் பேனா.

போன புதன்கிழமைக்கு வருகிறேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை காலியில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பேசியது நைனார்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிற ஒரு பெண். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளும்மா.”

“புதுக் கதைய நேத்திக்கி முடிச்சிட்டேன். அழுதுட்டேங்க்கா. ஆனா அந்த ஆளு இருக்காருல்ல... ஒரு வாட்டிகூட அந்தப் பொண்ண பேரு சொல்லிக் கூப்புடலியே. ஆஸ்பத்திரில கண்ணு தொறக்காம படுத்துக்கினு இருக்குது, அப்பகூட ‘இந்தா, இந்தா’ன்றாரு. பழைய புக்கெல்லாம் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுலயும் கூப்புடல. ஏங்க்கா அப்படி?”

கீரை ஆய்கிற கை நின்றுவிட்டது. நான் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

“அவருக்குப் பழக்கம் இல்லம்மா” என்றாள்.

“யாருக்கு, ஹீரோவுக்கா?”

“ஆமாம்மா” என்றாள். “வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

நான் பேப்பரை இறக்கவில்லை. அவளே பேசினாள்.

“இனிமே இந்த போன நீங்களே வெச்சிக்கினு பேசுங்க. அட்டையில எம் பேரயும் எடுத்துருங்க.”

“இன்னா திடீர்னு?”

“திடீர்னு ஒண்ணும் இல்ல. ஊர்ல இருக்கற பொம்பளைங்கல்லாம் எம் பேரச் சொல்லிக் கூப்புடுது. வூட்ல கூப்புடாத பேரு அட்டையில மட்டும் எதுக்கு? சலிச்சுப்போச்சுங்க.”

கத்தவில்லை. அழவில்லை. போனை என் பக்கமாகத் தள்ளிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் இருபத்தோரு நாவல்களையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். தையல் கடைக்காரப் பெண் சொன்னது உண்மை. என் ஹீரோக்கள் மழையில் நனைந்திருக்கிறார்கள், கண்ணீர் விட்டிருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து பிளேன் பிடித்து வந்திருக்கிறார்கள். ஒருவன்கூட அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

எப்படிச் சொல்வான்? எழுதியவன் கண்டக்டர். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை முகங்கள்... ஒரு பெயர் கேட்டதில்லை. “பச்சப் பொடவ, உள்ள போம்மா.” “கொடக்காரரே, எறங்குங்க.” ஊர் தெரியும், நிறம் தெரியும், இறங்குகிற இடம் தெரியும். பெயர் தெரியாது.

வீட்டிலும் அதேதான். கல்யாணமான புதிதில் கூட்டுக் குடும்பம். அப்பா எதிரில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கு முழுக்கக் கிண்டல் செய்வார்கள். அதனால் “இந்தா” என்றேன். பையன் பிறந்த பிறகு, “குமாரு, உங்கம்மாவக் கூப்புடு” என்றேன். பையன் பெங்களூருக்குப் போன பிறகு அந்த வழியும் அடைபட்டது. மறுபடி “இந்தா”. வெளியே போனால் அதுவும் கிடையாது. பஸ் தகரத்தை இரண்டு தட்டு தட்டுவேன். திரும்பிப் பார்ப்பாள். முப்பத்தாறு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அப்பா செத்தே இருபது வருடம் ஆகிறது. இன்னும் யாருக்குப் பயந்துகொண்டிருந்தேன்?

பதிப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். “பேர மாத்தினா புக்கு நகராது சார், எப்படியாவது சமாதானம் பண்ணுங்க” என்றார். உண்மையைச் சொல்கிறேன் – புத்தகத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எழுதாமல் இருந்தால் என் முழங்கால்களுக்கு நல்லது. ஆனால் அடுத்த நாள் காலை காபி வந்தது, அவள் பக்கத்தில் உட்காரவில்லை. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கு ஹீரோயின் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்க ஆள் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. என் கதைகளை நான் யாருக்காக எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அந்தக் காபி ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

போன் என் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

சொல்லிப் பழகலாம் என்று பார்த்தேன். சிரிக்காதீர்கள். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, மெதுவாக, “மங்கையர்க்கரசி” என்றேன். ஸ்டாப்பிங் பெயர் சொல்லி ஆட்களை இறக்குகிற குரலில் வந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தேன். மோசம். குழாயை மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்தில் அவள் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. இருவரும் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் முகூர்த்தக் கூட்டம். நான் முண்டியடித்து ஏறித் துண்டு போட்டு இரண்டு சீட் பிடித்தேன். அவள் பூ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எதிரில் போனாள்.

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். இரண்டு நிமிடம் முன்னாலேயே. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வழக்கம்போல் தகரத்தை இரண்டு தட்டு தட்டினேன்.

திரும்பவில்லை.

மறுபடி தட்டினேன். பலமாக. பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள், வெள்ளரிக்காய் விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். அவள் மட்டும் மல்லிகையை முழம் போடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது நன்றாகக் கேட்கிறவள். கேட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

பஸ் நகர்ந்தது.

“மங்கையர்க்கரசி!”

கண்டக்டர் குரல் சார் அது. முப்பத்திரண்டு வருடம் பழகிய தொண்டை. பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடி வரைக்கும் போயிருக்கும். டிரைவர் பிரேக் போட்டார். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் காது மடல் சுட்டது.

அவள் அவசரப்படவில்லை. பூவை வாங்கினாள். நிதானமாக வந்து ஏறினாள். துண்டை எடுத்து மடித்து என் மடியில் வைத்துவிட்டு, நான் நகர்ந்து விட்ட ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு வந்தது. பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எதுக்குக் கூப்ட்டீங்க?”

எதுக்கு? இருபத்தோரு நாவல் எழுதியவன். இந்த இடத்தில் ஹீரோ பேச வேண்டிய வசனம் ஒன்றரைப் பக்கம் வரும்.

“உனக்கு டிக்கெட் எடுத்துட்டேன்” என்றேன்.

அந்த பஸ்ஸில் பெண்களுக்குக் காசே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குள் என் சட்டைப் பையில் போன் அடித்தது. திரும்பாமலே கையை நீட்டினாள். கொடுத்தேன்.

“ஆமாம்மா... மங்கையர்க்கரசிதான் பேசறேன்.”