கலாதேவி அக்காவுக்குப் பின்னால் வந்த ட்ரக்டர்

என் மனைவியின் அக்கா கலாதேவியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் வீட்டில் சிரிப்பு. “அவவிட்ட முதல்ல கேட்டனீங்களோ?” என்றாள் மனைவி தக்சாயினி. கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். தன்னைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவுக்கு அடுப்பில் ஏதோ கருகுகிற ஞாபகம் வந்துவிடும். எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார்.

ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் முதியவர்களின் வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை அக்காவுக்கு. குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பல காலம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தன் மகளின் வயதுக்காரர்களோடு ஒரே வகுப்பில் இருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்துப் பெற்ற வேலை அது. கூட வேலை செய்பவர்கள் நிறுவனத்தின் காரில் போவார்கள். அக்கா கார் ஓடப் பழகவேயில்லை. மழையென்றாலும் பனியென்றாலும் சைக்கிள்தான்.

அவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஒருதடவை விழுந்த முதியவர்கள் பிறகு லேசில் எழும்பி நடக்கமாட்டார்கள். கால் சுகமாகிவிடும், பயம் சுகமாகாது. ரைன்ஹோல்ட் என்று ஒரு பழைய தபால்காரர், குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு கதிரையே கதி என்று கிடந்தார். மற்றவர்கள் அவருக்கு முன்னால் நின்று, கையை நீட்டி வா வா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. அக்கா அவருக்குப் பின்னால் போய் நின்றார். “நீங்கள் நடவுங்கோ. விழுந்தால் என்னிலதானே விழுவீங்கள்.” முதலில் முதுகைத் தொட்டபடி நின்றார். பிறகு ஒரு எட்டுத் தள்ளி. பிறகு இன்னும் தள்ளி. ஒருநாள் ஜன்னல்வரை நடந்துபோன மனிதர் திரும்பிப் பார்த்தால், அக்கா அந்தப் பக்கம் கதவடியில் நிற்கிறார். வாய்க்கு வந்தபடி அக்காவைத் திட்டினாராம். விருது வாங்கிய கதைபோல அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவரைப் போன வருடம் ஒரு சந்தியில் பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு பொருந்திவிட்டது. ஆனால் சைக்கிளில் ஏறியதும் பின்னால் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் கை விறைத்துவிடும். இறங்கி ஓரமாக நின்றுவிடுவார். வேலைக்குத் திரும்பியபோது அலுவலகத்தில் இருத்தி, மருந்துப் பெட்டிகளை நிரப்பக் கொடுத்தார்கள். இந்த செப்டம்பரில் மேலாளர் முடிவு கேட்டார். சைக்கிளில் பழையபடி வீடுகளுக்குப் போவதென்றால் போகலாம். முடியாதென்றால் அக்காவின் வீடுகளையெல்லாம் வேறொருவருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த திங்கட்கிழமை பதில் வேண்டும் என்றார்.

“மாத்திரை அடுக்கவோ நான் இவ்வளவு பாடுபட்டுப் படிச்சனான்?” என்று எங்கள் குசினியில் நின்று அழுதார். அக்கா அழுது அதற்கு முதல் நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

நானோ சைக்கிள் பைத்தியம். சரளைக்கல் போட்ட கிறவல் பாதைக்கென்றே செய்த சைக்கிள் ஒன்றும் அதற்குத் தோதாக உடம்போடு ஒட்டின உடுப்பும் வைத்திருக்கிறேன். என் வயிற்றுக்கு அந்த உடுப்பு அநியாயம் என்பது தக்சாயினியின் கருத்து. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தெற்கே ஃபால்ஸ் பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பிரான்ஸ் எல்லையைத் தாண்டி விசம்பூர் என்கிற ஊரின் வாசல்வரை கிறவல் பாதைகள் போகின்றன. “ஒரு வாகனமும் வராது அக்கா. அதுக்கு மேல உங்களுக்குப் பின்னால நான் வாறன். வேற என்ன வேணும்?” என்றேன். “ஓம், வாறன்” என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை, நானும் அக்காவும் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் சைக்கிள்களைக் காரிலிருந்து இறக்கினோம். அக்கா பையைத் திறந்து தேங்காயை வெளியே எடுத்தார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். புதுக் கார் வாங்கினால் நாங்கள் செய்கிற அத்தனையும் இரண்டு சைக்கிளுக்கும் நடந்தது. ஜெர்மன்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தேங்காய் கல்லில் பட்டு நன்றாகச் சிதறியது. அக்காவுக்குப் பரம திருப்தி. சிதறியதைப் பொறுக்கிப் பையில் போட்டோம். எல்லாவற்றையும் பொறுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாதையில் சில்லு நறநறவென்று உருளும் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பழம் கனத்துத் தொங்கும் கொடிகள், வலது பக்கம் காடு மூடிய மலை. அக்கா முதலில் தோளை இறுக்கிக்கொண்டுதான் ஓடினார். மெல்ல மெல்லத் தளர்ந்தார். ஒரு இறக்கத்தில் பிறேக்கை விட்டார். “மதீசன், காத்து!” என்று கத்தினார். சந்தோஷத்தில் நானும் பின்னாலிருந்து கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து என் பின் டயர் படுத்துவிட்டது. ஓட்டை விழுந்தால் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் என்று கடைக்காரர் சொல்லி, நான் டோர்ட்மண்ட் முழுக்கச் சொல்லித் திரிந்த டயர். அந்த நம்பிக்கையில் டியூப் ஒன்றும் கொண்டுவரவில்லை. இறங்கிப் பார்த்தால், பக்கவாட்டில் நாங்கள் உடைத்த தேங்காயின் சிரட்டைத் துண்டு ஒன்று ஆழமாக ஏறி நின்றது. அக்காவோ நான் பின்னால் வருகிறேன் என்ற தைரியத்தில் திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. வாகனங்களுக்குத் தடை என்று பாதைத் தொடக்கத்தில் பலகை நின்றது உண்மைதான். அதன் கீழேயே ‘விவசாய வாகனங்கள் தவிர’ என்று இருந்ததும் உண்மை. இது பழம் வெட்டுகிற காலம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

டொறத்தி என்ற தோட்டக்காரி, பழம் ஏற்றுவதற்கு வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு ட்ரக்டரில் வந்தார். என் டயரைப் பார்த்து இரக்கப்பட்டு சைக்கிளைப் பெட்டியில் போட்டு, என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். முன்னால் போகிறவர் காரில் அடிபட்டவர், சத்தத்துக்குப் பயப்படுவார் என்று சொன்னேன். மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் பாதை ஒடுக்கம், வேறு வழியில்லை. எதை வரவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனோ, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து அக்காவைத் துரத்திக்கொண்டு போனேன்.

சத்தம் கேட்டதும் அக்கா குதித்து இறங்கினார். சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது. கொடிகளோடு ஒட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. டொறத்தி எஞ்சினை நிறுத்தினார். நான் ஓடிப்போய், “அக்கா, உங்கட சைக்கிளையும் பெட்டியில போடுவம். ஏறுங்கோ” என்றேன்.

அக்கா ட்ரக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டொறத்தியிடம் போய் ஜெர்மன் மொழியில் கேட்டார். “எனக்குப் பின்னால் வருவீர்களா? முதலில் தூரத்தில். நான் கை காட்டினால் கொஞ்சம் கிட்ட.”

“அக்கா, வேண்டாம். ஏலாது” என்றேன்.

“ரைன்ஹோல்ட்டும் அப்பிடித்தான் சொன்னவர்” என்றார் அக்கா.

பழம் வெட்டும் ஆட்கள் டொறத்திக்காகக் காத்திருந்தார்கள். அவர் தோட்டத்துப் பக்கம் ஒருதரம் பார்த்தார். “காத்திருக்கட்டும்” என்றார்.

எஞ்சின் மறுபடி உறுமியது. அக்காவின் தோள் காதுவரை ஏறியது. சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. நின்றார். மறுபடி ஏறினார். இன்னொருதரம் இறங்கி, ஹாண்டிலைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். அப்போதும் திரும்பிப் பார்க்காமலே கையை அசைத்தார்: கிட்ட. டொறத்தி கொஞ்சம் நெருங்கினார். ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி கை: இன்னும் கிட்ட. என் வாழ்க்கையில் இவ்வளவு துணிச்சலான ஒருவரை நான் பார்த்ததில்லை. ட்ரக்டரில் இருந்தபடி சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். டொறத்தி இருக்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழங்குலையை எடுத்து என் மடியில் வைத்தார்.

பாதை கார் றோட்டில் ஏறுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் டொறத்தியின் தோட்டம். அங்கே என்னையும் சைக்கிளையும் இறக்கிவிட்டு உள்ளே திரும்பினார். அக்கா தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். றோட்டடியில்தான் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. நான் மட்டும் தூரத்தில், காற்றுப் போன சைக்கிளோடு.

“எருமை! எவ்வளவு நேரமா என்னைத் தனிய விட்டனீர்?” என்று தோட்டம் அதிரத் திட்டினார்.

நான் கிட்டப் போனதும், “நீர் இதில இரும்” என்றார். “விசம்பூர் அந்தா தெரியுது. டியூப் வாங்கிக்கொண்டு வாறன்.”

“அது கார் றோட்டு, அக்கா.”

“எனக்குத் தெரியும்.”

போய்விட்டார். றோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். கடைசியில் அக்காவின் தலை தெரிந்தது. நடு றோட்டில் நிதானமாக மிதித்து வந்தார். பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் ஒரு வான், அதற்கும் பின்னால் இன்னொரு கார். வான்காரன் ஹோர்ன் அடித்தான். அக்கா ஓரத்துக்கு விலகவில்லை.

எனக்கு முன்னால் வந்து நிறுத்தி, டியூபை நீட்டினார்.

“கெதியாப் பூட்டும். திங்கக்கிழமை என்ர வயசுபோன ஆக்கள் பாத்துக்கொண்டிருப்பினம்.”